சிக்னல் வளைவில் பதினான்கு ஆர்டர்கள்

சர்வர் வைத்துத் தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டபோது, அந்தப் பெட்டியால் ஒரு மனுஷர் தன் மலை லைனையே இழக்கப் பார்ப்பார் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வாய் அதற்கும் முன்னால் ஓடும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு போடிநாயக்கனூரில் ஒருத்தி கம்ப்யூட்டர் தொழில் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

சென்னையில் ஏழு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊருக்கே திரும்பி வந்து, வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்த முதல் வருஷம் அது. எனக்கு வேலை கொடுத்த முதலாளி ஊர் முறைக்கு மாமா. பிஸ்கட், சோப்பு, டீத்தூள், பேட்டரி, கொசுவத்தி என்று கடைகளுக்குச் சரக்குப் போடும் ஏஜென்சி அவருடையது. ஏழு சேல்ஸ்மேன்கள். ஆளுக்கு ஒரு லைன். லைன் என்றால் அன்றாடம் ஏறி இறங்கி ஆர்டர் எடுக்க வேண்டிய கடைகளின் வரிசை. டவுனுக்குள் மூன்று லைன், பொட்டிபுரம் பக்கம் ஒன்று, சுற்றுப்பட்டிகளுக்கு இரண்டு, போடிமெட்டு ஏறிப் போகிற மலை லைன் ஒன்று. அதுவரை எல்லோரும் ஆர்டரை நோட்டில் எழுதிவந்து சாயங்காலம் குடோனில் கொடுப்பார்கள். இனி செல்போனில் தட்ட வேண்டும், தட்டியது அப்போதே குடோனுக்கு வந்து சேர வேண்டும், யார் எத்தனை கடை ஏறினார் என்று முதலாளி இருந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

"அதுக்கு என்னென்ன வேணும்னு ஒரு சீட்டு எழுதிக் குடு ஆத்தா" என்றார். எழுதிக் கொடுத்தேன். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, பலசரக்குச் சீட்டைப் பார்ப்பதுபோல வரி வரியாகப் பார்த்தார்.

"பதினாறு ஜி.பி. மெமரின்னு போட்டிருக்கியே, எட்டு பத்தாதா?"

"பத்தாது மாமா."

"ஒரே அளவுல டிஸ்க்கு ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு செத்துப்போனா இன்னொண்ணுல எல்லாம் இருக்கும்."

"வாங்குறப்பவே சாகுறதப் பத்திப் பேசுற பாரு" என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் அந்த வரியை அடிக்காமல் விட்டார். யுபிஎஸ் பேட்டரியை ஒத்துக்கொண்டார், கரண்டு போவது அவருக்கும் தெரியும். இன்டர்நெட் லைன் இரண்டு வேண்டும் என்றதற்கு அரைமணி நேரம் வழக்காடினார். ஒன்று அறுந்தால் மற்றது ஓடும் என்று நான் சொல்ல, அறுக்கிறவன் ரெண்டையும் சேர்த்தே அறுப்பான் என்று அவர் சொன்னார். கடைசியில் இரண்டாவதுக்கு ஒரு சிம் கார்டு பெட்டி போதும் என்று சமாதானமானோம். அப்புறம் நிலையான முகவரி. ஏழு போன்களும் மலையிலிருந்தோ ரோட்டிலிருந்தோ இந்தப் பெட்டியைத் தேடி வர வேண்டுமென்றால் அதன் முகவரி தினம் ஒன்றாக மாறக் கூடாது என்றேன். "நாம என்ன வாடகை வீட்டுலயா இருக்கோம், மாறுறதுக்கு" என்றார். விளக்கிச் சொல்லிப் பார்த்து, முடியாமல், "வேணும் மாமா, எழுதுங்க" என்றேன். எழுதினார்.

இவ்வளவு தொல்லை எதற்கு, வெளியூரில் ஒரு கம்பெனியின் மிஷினில் வாடகைக்கு இடம் எடுத்துக்கொள்ளலாம், எலி, எறும்பு, கரண்டு எதைப் பற்றியும் கவலையில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"என் சரக்கு என் குடோன்ல இருக்கு. என் கடை வெவரம் மட்டும் எவன் வீட்டுலயோ எதுக்கு இருக்கணும்? பெட்டி என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

ஆக, குடோனுக்கு மேலே இருந்த சின்ன அறையைக் காலி செய்தோம். கீழே முழுக்க பிஸ்கட் என்பதால் எறும்பும் எலியும் அந்தக் கட்டடத்துக்கே சொந்தக்காரர்கள். வயர்களையெல்லாம் இரும்புக் குழாய்க்குள் விட்டேன். பெட்டி சூடாகும் என்று ஒரு ஃபேன் கேட்டேன். குடோனில் சரக்குக் கட்டுகிற அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "பத்து வருசமா ஆளுக்கு ஃபேன் இல்ல, வந்த அன்னைக்கே பெட்டிக்கு ஃபேனா" என்று முனகினார். ஃபேன் மாட்டிய மறுநாளிலிருந்து மத்தியானச் சோற்றை அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். நானும் கண்டுகொள்ளவில்லை.

எல்லாம் ஓட ஆரம்பித்த முதல் நாள், ராத்திரி கடை சாத்துகிற நேரத்துக்குச் சர்வர் பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டது. பதறிப்போய் ஓடினேன். முதலாளி நிதானமாக ஷட்டருக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைத்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வருவது அவர் வழக்கம். இந்தப் பக்கத்து மொத்தக் கடைக்காரர்கள் பலருக்கும் அது உண்டு. சாக்கும் அட்டைப்பெட்டியும் அடைந்து கிடக்கும் இடத்தில் தீயைப் பற்றிய பயம்தான். பேட்டரி தன்னால் முடிந்த மட்டும் தம் பிடித்துவிட்டு விட்டுவிட்டது.

"மெயினை அணைக்காமப் பூட்டுனா எனக்குத் தூக்கம் வராது ஆத்தா."

"அணைச்சா எனக்கு வராது மாமா."

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மாடி அறைக்கு மட்டும் மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, முதலாளி அணைக்க மெயினை அப்படியே விட்டுவைத்தோம். அவர் தினமும் அணைத்தார், தொட்டுக் கும்பிட்டார், மேலே சர்வர் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்த திருப்தி எனக்கு.

அடுத்த கூத்து டவுன் லைன்களில் வந்தது. நம் ஆட்களுக்கு எதையும் ஒருமுறை அமுக்கிப் பழக்கமில்லை. ஆர்டரை அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டு, திரை மாற அரை நொடி தாமதமானால் மறுபடி அமுக்குவார்கள், பிறகு இன்னும் அழுத்தி அமுக்குவார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடைக்கு ஒரு பெட்டி ரஸ்க்குக்குப் பதில் நான்கு பெட்டி போய் இறங்கிவிட்டது. கடைக்காரர் ரஸ்க்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி எனக்குப் போட்டார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். அன்றைக்கே உட்கார்ந்து சர்வரில் ஒரு சட்டம் எழுதினேன். ஒரு போனிலிருந்து ஓர் ஆர்டர் வந்தால், அடுத்த இரண்டு நிமிடத்துக்கு அதே போனிலிருந்து வருவதெல்லாம் சும்மா அமுக்கியது, தள்ளிவிடு. ஒரு கடையில் ஆர்டர் எடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்துபோய், வணக்கம் சொல்லி, இன்னோர் ஆர்டர் எழுத எப்படியும் பத்து நிமிடம் ஆகும் அல்லவா? கடைப் பெயரையும் ஒப்பிட்டுப் பார் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அவசரத்தில் விட்டேன். தள்ளிவிடும்போது போனில் பச்சை டிக்கைக் காட்டிவிடு, இல்லாவிட்டால் இன்னும் நான்கு தடவை அமுக்குவார்கள் என்றும் எழுதினேன். ரஸ்க்குத் தொல்லை அத்தோடு ஒழிந்தது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

இனி மலை லைன் அண்ணனைப் பற்றி. நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஒல்லி, அமைதி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. அவர் மனைவி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். விடியும் முன் தோட்டத்து வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்பில்தான் இவரும் போவார், சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார். நடுவில் எஸ்டேட் பாதைகளில் நடந்தும் கிடைத்த வண்டியில் தொத்தியும் தினமும் பதிமூன்று, பதினான்கு கடை ஏறுவார். ஜீப்பில் போகிறார் என்பதைத் தவிர இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நான் பார்த்தது சர்வர் காட்டிய ரிப்போர்ட் மட்டும்தான். அதில் டவுன்காரர்களுக்கு நேராக இருபது, இருபத்திரண்டு என்று இருக்கும். மலை லைனுக்கு நேராக தினமும் ஒன்று. ஒரே ஒரு கடை.

ஒரு வாரம் கழித்து அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். போனைப் பனிக்கும் மழைக்கும் பயந்து பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்.

"தாயி, நான் அமுக்குறது சரியான்னு ஒருவாட்டி பாத்துச் சொல்லு."

நான் வேறு ஒரு வேலையில் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். போனை வாங்கி, சோதனைக்கு ஓர் ஆர்டர் தட்டினேன். பச்சை டிக் வந்தது. என் கம்ப்யூட்டரிலும் வந்து விழுந்தது.

"நல்லாத்தான்ணே போகுது. கடைக்குப் போனாத்தான் ஆர்டர் வரும். ஜீப்புலயே உக்காந்திருந்தா மிஷினு என்ன பண்ணும்?"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். அவர் போனைத் திரும்பப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, "சரி தாயி" என்று போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும்.

அவர் என்ன செய்தார் என்றால், தனக்குத்தான் இந்தப் போன் பிடிபடவில்லை என்று முடிவுகட்டிவிட்டார். பச்சை டிக் வருகிறது, ஆனால் குடோனுக்கு ஒரு கடைச் சீட்டுக்கு மேல் வருவதில்லை. யாரிடமும் சொல்ல வெட்கம். பழையபடி நோட்டில் எழுதி, குடோன் அண்ணனிடம் தனியாகக் கொடுத்துவந்தார். குடோன் அண்ணனும் லோடு நின்றுவிடக் கூடாதே என்று சரக்கைக் கட்டி அனுப்பிவிட்டு, எந்தக் கணக்கில் போடுவது என்று தெரியாமல் கவுண்டர் விற்பனை என்று போட்டுவந்தார். மலைக்குச் சரக்கு தடங்கலில்லாமல் போனது. முதலாளிக்குத் தெரிந்தது வேறு: மலைக்கடைக்காரர்கள் தாங்களாகவே ஆளனுப்பி வாங்கிக்கொள்கிறார்கள், மலைக்கு என்று ஒரு சேல்ஸ்மேன் எதற்கு?

"இந்த மாசத்தோட மலை லைனை நிறுத்தப்போறேன்" என்றார் என்னிடம். "அந்த ஆளத் தேனி டவுன்ல என் சகலை ஏஜென்சில போட்டுறலாம். நீ என்ன சொல்ற?"

"ரிப்போர்ட்டு பொய் சொல்லாது மாமா" என்றேன் நான். வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே ஓர் அம்மா வீட்டுக்கு வந்தார். உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை. மலை லைன்காரர் பெண்டாட்டி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். அண்ணன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசுகிற ஆள்.

"எங்க வீட்டுக்காரரு ஒரு கடதான் ஏறுறாருன்னு ஒன் மிஷினு சொல்லுதாமே. ஒன் மிஷினு ஜீப்புல ஏறியிருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. 

"அவரத் தேனிக்குப் போடப்போறாங்களாம். பஸ்சுல போயி பஸ்சுல வந்தா வீடு வந்து சேரவே நேரமாயிரும், அதுக்குள்ள நான் அசந்து தூங்கிருவேன். வீட்டுல இருக்குறது ஒத்த ரூமு. வயசுக்கு வந்த பிள்ளைக ரெண்டு, மாமியா ஒண்ணு. நானும் அவரும் ஒரு நல்லது கெட்டது பேசுறதே அந்த ஜீப்புலதான் ஆத்தா. போறப்ப ஒண்ணர மணி நேரம், வர்றப்ப ஒண்ணர மணி நேரம். பதினெட்டு வருசமா எங்களுக்கு வேற நேரம் கெடையாது." வாசல்படி இறங்கி நின்று, "ஒருநா நீ எங்ககூட வந்து பாரு. அப்புறம் ஒன் மிஷினு சொல்றத நானும் கேக்குறேன்" என்றார்.

சவாலுக்கு அழைத்தால் நான் போகாமல் இருக்க மாட்டேன். அதோடு, ஒருவர் தன் பெண்டாட்டியோடு பேசும் நேரம் என் ரிப்போர்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. திங்கட்கிழமை விடியுமுன் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

ஜீப்பு என்றால், அதில் இத்தனை பேர் உட்காரலாம் என்று செய்தவர்களுக்கே தெரியாது. ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா, மடியில் தூக்குவாளி என்று பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். என்னை நடுவில் செருகினார்கள். முந்தல் தாண்டி வளைவு ஏற ஏற எனக்கு வயிற்றைப் புரட்டியது. பக்கத்திலிருந்த அக்கா ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். எதிரில் அண்ணனும் அந்தம்மாவும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். மகளின் காலேஜ், ஒழுகுகிற ஓடு, யார் வீட்டுக் காதுகுத்து என்று. வாசலில் வந்து நின்றபோது நாலு வார்த்தை பேசாத மனுஷர், இங்கே சிரிக்கிறார், கிண்டல் பண்ணுகிறார், நடுநடுவே அந்தம்மாவின் தோளில் தட்டுகிறார்.

மேலே போனதும் பெண்கள் தோட்டத்தில் இறங்கிக்கொண்டார்கள். நான் அண்ணன் பின்னால் நடந்தேன். ஏலச்செடிகளுக்குள் புகுந்து போகும் பாதை, ஈரம், அட்டை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு தகரக்கூரைக் கடை. கேரள எல்லைப்பக்கம் ஆதலால் பாதிக் கடைகளில் பேச்சு பாதி மலையாளம். "சோப்பு ரெண்டு டசன் மதி சேட்டா, பேட்டரி கூட்டிப் போடு" என்பார்கள், ரெண்டு டசன் போதும் அண்ணா என்று அர்த்தம். அண்ணன் எல்லோர் வீட்டு விவரமும் கேட்பார், அலமாரியில் எது தீர்ந்திருக்கிறது என்று அவரே எட்டிப் பார்த்துச் சொல்வார், பிறகு பிளாஸ்டிக் பையைப் பிரித்துப் போனில் தட்டுவார். மெதுவாக, ஆனால் ஒரு தப்பில்லாமல். டவர் கிடையாது, அதனால் ஆர்டர் போனிலேயே தங்கும். அப்படித் தங்கி, டவர் கிடைத்ததும் தானாகப் போகும்படி செய்து வைத்தது நான்தான். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

மூன்று மணிக்கு எண்ணிப் பார்த்தேன். பதினான்கு கடை. என் கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. டவுன்காரர்கள் இருபது கடையை ஒரே தெருவில் முடித்துவிட்டு டீ குடிப்பார்கள்.

திரும்பும்போது போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் ஜீப்பு நின்றது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. "பேசுறவங்க பேசிக்கங்க, ரெண்டே நிமிசம்" என்றார் டிரைவர். இறங்கி வருகிறவர்களுக்கு டவர் முதலில் கிடைக்கும் இடம் அது. எல்லா ஜீப்பும் அங்கே நிற்குமாம். சிக்னல் வளைவு என்றே அதற்குப் பெயராகிவிட்டது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைக் காதில் வைத்து, உலையை வை, துணியை எடு, பிள்ளை ஸ்கூலிலிருந்து வந்துவிட்டதா என்று வீட்டை ஓட்ட ஆரம்பித்தார்கள். அண்ணன் போனை வெளியே எடுத்தார். டிக், டிக், டிக் என்று பச்சையாக விழுந்தது. பதினான்கு.

"பாத்தியா" என்றார் அந்தம்மா என்னிடம்.

நானும் சந்தோஷமாக என் போனை எடுத்துச் சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். மலை லைன்: ஒன்று.

அடுத்த வரியில் வந்து சேர்ந்த நேரம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பதினான்கு ஆர்டரும் ஒரே நிமிடத்தில் போயிருக்கின்றன. முதலாவதை என் சர்வர் வாங்கிக்கொண்டது. மற்ற பதிமூன்றையும், சும்மா அமுக்கியது என்று தள்ளிவிட்டு, பச்சை டிக்கையும் காட்டிவிட்டது. ஜீப்பு நிற்பது இரண்டு நிமிடம். நான் போட்ட சட்டமும் இரண்டு நிமிடம். டவர் இல்லாவிட்டால் சேர்த்து வை என்று ஒருபக்கம் எழுதி, சேர்ந்து வந்தால் தள்ளிவிடு என்று இன்னொரு பக்கம் எழுதியிருக்கிறேன். போடி டவுனில், நான்கு பக்கமும் டவர் உள்ள வீட்டில் உட்கார்ந்து, இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். இந்த மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் செய்கிற வேலையா இது?

"என்னத்தா, மொகம் செத்துப்போச்சு?" என்றார் அந்தம்மா.

"அண்ணே" என்றேன்.  "தப்பு என்னோடது. நீங்க அனுப்புனது எல்லாம் போயிருக்கு. என் சர்வர்தான் ஒண்ண வச்சுக்கிட்டு மத்ததத் தூக்கிப் போட்டிருக்கு. நான்தான் அப்படிச் செய்யச் சொல்லி வச்சிருந்தேன்."

லைன் என்னவாகும் என்று அவர் கேட்கவில்லை. "அப்ப நான் அமுக்குனது சரிதானா தாயி?" என்றார்.

"சரிதாண்ணே. பதினாலும் சரி."

அவர் மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். அந்தம்மா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு கீழே வந்து சேரும்வரை அண்ணன் முகத்தில் சிரிப்பு இறங்கவே இல்லை. எனக்கு அதைப் பார்க்க இன்னும் வேதனையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டத்தை மாற்றினேன். இனி ஆர்டர் எழுதும்போதே போன் அதற்கு ஒரு தனி எண் போட்டுவிடும். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் மட்டும் தள்ளு, நேரத்தைப் பார்க்காதே. அரைமணி நேர வேலை. மாற்றிவிட்டு உட்கார்ந்தபோதுதான் மனசுக்குள் ஒரு கள்ள யோசனை வந்தது. இதை யாரிடமும் சொல்லாமல் விட்டால் என்ன? நாளையிலிருந்து ரிப்போர்ட்டில் பதினான்கு வரும். முதலாளி லைனை நிறுத்த மாட்டார். ஆள் பயந்துபோய் ஒழுங்காக ஏறுகிறான் என்று நினைத்துக்கொள்வார். அண்ணனுக்கும் நஷ்டமில்லை, எனக்கும் கெட்ட பெயரில்லை. முதலாளியின் சகலை தேனியில் பெரிய ஏஜென்சி வைத்திருக்கிறார். அவருக்கும் இதேபோல ஒரு சர்வர் வைத்துத் தரும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் நான் அந்த வருஷத்தையே ஓட்டலாம் என்றிருந்தேன்.

ஆனால் அப்படி விட்டால், பதினோரு நாள் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்த ஆள் என்ற பெயர் அவர்மேல் அப்படியே நின்றுவிடும். அந்தப் பெயரை வைத்தவள் நான்.

நல்லவேளை, தள்ளிவிட்டதையெல்லாம் ஒரு பக்கமாக எழுதி வைக்கும்படி முதலிலேயே சர்வருக்குச் சொல்லியிருந்தேன். பதினோரு நாளில் தள்ளிவிட்ட ஒவ்வோர் ஆர்டரும் கடைப் பெயரோடும் சரக்கோடும் நேரத்தோடும் இருந்தது. பிரிண்ட் எடுத்தேன். நாலு பக்கம் வந்தது.

மறுநாள் விடிகாலை கடைக்குப் போனேன். மலைக்குப் போகும் லோடை முதலாளி தானே நின்று ஏற்றிவிடுவார். ஜீப்பு வாசலில் நின்றிருந்தது. குடோன் அண்ணன் பெட்டிகளை மேலே கட்டிக்கொண்டிருந்தார். மலை லைன் அண்ணன் கீழிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தாளை முதலாளியிடம் கொடுத்து, ரஸ்க்குப் பெட்டியில் ஆரம்பித்து சிக்னல் வளைவு வரை எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

"அப்ப இத்தன நாளா மிஷினு பொய் சொல்லியிருக்கு" என்றார்.

"மிஷினு பொய் சொல்லல மாமா. நான் சொல்லிக் குடுத்தத அது செஞ்சிருக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளில் விரலை ஓட்டினார். ஒவ்வொரு கடையாக, உதடு அசைய, நாலு பக்கத்தையும் படித்தார். குடோன் அண்ணன் ஜீப்புமேல் நின்றபடியே, நோட்டில் வந்ததைத்தான் கவுண்டர் விற்பனையில் போட்டதாக ஒப்புக்கொண்டார். முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மலை லைன் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? எங்கிட்ட வேணாம், இந்தப் பிள்ளைகிட்டயாவது போயிக் கேட்டிருக்கலாம்ல?"

 அண்ணன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"கேக்கல மொதலாளி. எனக்குத்தான் அமுக்கத் தெரியலைன்னு வெக்கப்பட்டு இருந்துட்டேன். இதுல பாதித் தப்பு என்னுது. அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பொய் சொல்றாரு மாமா" என்றேன். "எங்கிட்ட வந்து கேட்டாரு. நான்தான் ஏதோ பெரிய இவளாட்டம் கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன்."

ஜீப்புக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி கண்ணாடியைக் கழற்றி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளை மடித்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"டவுன் லைன் ரெண்டச் சேத்தாலும் இம்புட்டுச் சரக்கு போகல. இந்த லைனை நிறுத்துறதப் பத்தி இனிமே எவனும் பேசக் கூடாது, நானும்தான்." என்னிடம் திரும்பினார். "சகலைகிட்ட இப்பச் சொல்ல மாட்டேன். இது ஒரு மாசம் ஒழுங்கா ஓடட்டும், அப்புறம் பாக்கலாம்."

நியாயம்தான். தலையாட்டினேன்.

"என்னப்பா நிக்கிற, லோடு கட்டியாச்சுல்ல. வெரசா ஏறு" என்று அண்ணனை விரட்டினார்.

ஜீப்பில் எள் போட இடமில்லை. அந்தம்மா மட்டும் பக்கத்தில் தன் தூக்குவாளியை வைத்து ஓரிடம் பிடித்து வைத்திருந்தார். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் ஏறி, தாளைப் பத்திரமாகச் சட்டைக்குள் வைத்து, அந்த இடத்தில் உட்கார்ந்தார். வண்டி நகருவதற்குள், "என்னவாம், மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார் அந்தம்மா, எல்லாவற்றையும் காதால் கேட்டிருந்தும்.

அவர் மொதல்லேருந்து சொல்ல ஆரம்பித்தார்.